அப்லோடு அம்சவேணி

ஆம்பூரில் வீடு வீடாக இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுப்பதும், லைன் போனால் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் என் தொழில். பெயர் சதீஷ்குமார். ஆனால் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நெட்டு வந்துட்டான் பாரு" என்பார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்ததில் மனிதர்களைப் பற்றி எனக்கு ஒரு முடிவு ஏற்பட்டிருந்தது: எல்லோருக்கும் வாங்கத்தான் தெரியும். டவுன்லோடு கொஞ்சம் தடுமாறினால் போதும், ஆபீசுக்கு ஃபோன் போட்டு என் பரம்பரையையே விசாரிப்பார்கள். அதே வேகத்தில் அப்லோடும் கொடுத்திருக்கிறோமே, அதை யாராவது சீந்துகிறார்களா? காலையில் பூ போட்ட ஒரு குட்மார்னிங், சம்பந்தி வீட்டுக்கு ஒரு வளைகாப்பு வீடியோ. அதோடு முடிந்தது அவர்கள் தான தர்மம்.

அதனால்தான் ஒருநாள் ஆபீஸ் ஸ்கிரீனில் ஒரு வீட்டு இன்டர்நெட் ஓட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தபோது மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். டவுன்லோடு ரொம்பக் கம்மி. அப்லோடு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. கனெக்‌ஷன் சம்பத் என்பவர் பெயரில் இருந்தது. லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் ஊரிலேயே இருக்க மாட்டார். எங்கள் முதலாளிக்கு வியர்த்துவிட்டது.

"போய்ப் பாருடா. திருட்டுப் படம் கிடம் ஏத்துறாங்களா? நாளைக்கு எவனாவது வந்து கேட்டா நம்ம கழுத்துதான்."

போனேன். கதவைத் திறந்தது சம்பத்தின் மனைவி அம்சவேணி. ஷூ கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், கழுத்தில் கம்பெனி அட்டைகூடக் கழற்றவில்லை. கூடத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் அரசாங்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த பழைய லேப்டாப். எதிரே டேபிள் ஃபேன் ஒன்று முழு வேகத்தில் அதற்கு மட்டும் வீசிக்கொண்டிருந்தது. வேர்த்து விறுவிறுத்து வந்த எனக்கு இல்லை.

"இன்னாக்கா, இதுல இன்னா ஓடுது?" என்று கொஞ்சம் மிரட்டலாகவே கேட்டேன்.

"புத்தகம் தம்பி."

"புத்தகமா? இன்னா புத்தகம்?"

"புரோகிராம் எழுத கத்துக்குடுக்கிற புத்தகம். தமிழ்ல இருக்கு. உக்காரு, காபி போடுறேன்."

நான் நம்பவில்லை. திறந்து காட்டினார். உண்மைதான். மூன்று ஃபைல். ஒன்று பாடப் புத்தகம், ஒன்று பயிற்சிப் புத்தகம், ஒன்று மாதிரி புரோகிராம்கள். யாரோ சில நல்ல மனிதர்கள் சேர்ந்து எழுதி, முதல் பக்கத்திலேயே 'இதை யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், இதில் சேர்க்கவும் செய்யலாம், காசு வேண்டாம்' என்று போட்டிருந்தார்கள். திருட்டும் இல்லை, புரட்டும் இல்லை. அதை அவர் டோரன்ட்டில் வைத்துக் கேட்பவருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

டோரன்ட் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இதில் புத்தகம் ஏதோ ஒரு பெரிய கம்பெனி கம்ப்யூட்டரில் இருக்காது. ஏற்கெனவே எடுத்தவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருக்கும். புதிதாகக் கேட்பவருக்கு அவரவர் வைத்திருப்பதிலிருந்து துண்டு துண்டாகக் கொடுப்பார்கள். எடுத்தவர்கள் கொடுக்காமல் மூடிவிட்டுப் போனால் பின்னால் வருபவருக்கு ஒன்றுமில்லை. படம் பார்க்கிற ஊரில் இது தெரியாத பையன் கிடையாது. ஆனால் படம் வந்து சேர்ந்ததும் டப்பென்று மூடுவதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம்.

"உங்களுக்குத்தான் புத்தகம் வந்துடுச்சே. அப்புறம் ஏன்கா தொறந்தே வெச்சிருக்கீங்க?"

காபியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "பக்கத்து வீட்டு அக்கா, குர்ஷித் ஆப்பா, பெருநாளைக்கு ஷீர்குர்மா பாயசம் குடுத்தனுப்புறாங்க. அந்தப் பாத்திரத்தை நான் வெறுமையா திருப்பிக் குடுப்பேனா?"

 எங்கள் பக்கத்தில் இது சட்டம். இந்து வீடானாலும் முஸ்லிம் வீடானாலும், பலகாரம் வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. முறுக்கு, கொழுக்கட்டை, ஒன்றும் இல்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். இந்தச் சட்டத்துக்கு ஒரு உட்பிரிவும் உண்டு: கொடுத்தவர் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால் கொடுத்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். எங்கள் அம்மாவின் எவர்சில்வர் அடுக்கு ஒன்று எதிர்வீட்டில் பல வருஷமாகக் குடியிருக்கிறது. அம்மா தினமும் அதை ஜன்னல் வழியாகப் பார்ப்பார், கேட்க மாட்டார்.

அம்சவேணி அக்கா ஆலங்காயம் பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி ஆம்பூர் வந்ததிலிருந்து ஷூ கம்பெனியில் செக்கர் வேலை. ஷூவின் மேல்பாகம் தைத்து வரும். இடதும் வலதும் ஒரே நிறம்தானா, தோலின் ரேகை ஒத்துப் போகிறதா என்று பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். சேராததை ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே. வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் வீங்கி, கொலுசே இறுக்கும் என்பார். மகள் நந்தினி பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனாள். போகிற போக்கில் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று இந்தப் புத்தகத்தையும் இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

அக்கா நிஜமாகவே படித்துவிட்டார். குக்கர் விசில் போடுகிற நேரமெல்லாம் படிப்பு. முதல் புரோகிராம் 'வணக்கம்' என்று காட்டியதும் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாராம். புத்தகத்தில் மழையளவுக்கு ஒரு கணக்கு இருந்தால் அதை எடுத்துவிட்டு ஷூ சைஸைப் போட்டுப் பார்ப்பார். ரயில் நேரம் என்றிருந்தால் கம்பெனி ஷிஃப்டைப் போடுவார். இப்படியே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டு, கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர் அறைக்கு ஆள் கேட்டபோது நான் போகிறேன் என்று கையைத் தூக்கினார். கிடைத்தது.

"அந்த ரூம்ல நாற்காலி இருக்கு தம்பி. சக்கரம் வெச்சது. மொத நாள் அதுல உக்காந்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. யார்னே தெரியாத ஒருத்தர் எழுதினதுல எனக்கு ஒரு நாற்காலி கெடைச்சுது. நான் இன்னா திருப்பிக் குடுத்தேன், சொல்லு?"

நான் முதலாளியிடம் போய், "லைன் சுத்தம், பக்திப் புத்தகம் ஏத்துறாங்க" என்று சொல்லிவிட்டேன். பக்தி என்றால் அவர் அதற்குமேல் கேட்க மாட்டார்.

அதன்பிறகு அந்தப் பக்கம் போனால் ஒரு காபி நிச்சயம். அக்கா லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, யார் யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பெயர் தெரியாது, எந்த நாடு என்று கொடி மட்டும் தெரியும். மலேசியா வரும், நம் நாடு வரும், வாங்கிக்கொண்டு ஓடிவிடும். ஒன்று மட்டும் இலங்கைக் கொடி. காலையில் கொஞ்ச நேரம் வரும், சொட்டுச் சொட்டாக எடுக்கும், போய்விடும். மறுநாள் திரும்ப வரும். அது ஒரு பெண்தான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார்.

"எப்படிக்கா தெரியும்?"

"வீட்டு வேலைக்கு நடுவுல கெடைக்கிற நேரத்துல வர்றா. ஆம்பளையா இருந்தா ஒரே இடத்துல உக்காந்து முழுசா எடுத்துருப்பான்."

புத்தகத்தை முதலில் வெளியிட்டவர்களின் வெப்சைட் எப்போதோ மூடிப்போயிருந்தது. எடுத்தவர்களும் மூடிக்கொண்டு போய்விட்டார்கள். ஆக உலகத்திலேயே அந்தப் புத்தகத்தை முழுசாகத் திறந்து வைத்திருந்தது ஆம்பூரில் ஸ்டூல் மேல் இருந்த ஒரு பழைய லேப்டாப்தான். பேட்டரி செத்தது. கரண்ட் போனால் அதுவும் படுத்துவிடும், வந்ததும் ஒருவர் எழுப்ப வேண்டும். இதனால் அக்கா எங்கேயும் தங்க மாட்டார். ஆலங்காயத்தில் தங்கை பாரதி வீட்டுக்குப் போனாலும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடுவார். "வீட்ல கைக்குழந்தை எதுனா வெச்சிருக்கியா?" என்று தங்கைக்குக் கோபம். அவள் புது வீடு கட்டி முடித்து, கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாளே வந்து தங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அக்கா பிடி கொடுக்கவில்லை.

இப்படிப்பட்டவரிடமிருந்து ஒருநாள் ஆபீசுக்குப் புகார் வந்தது. லைன் சரியில்லையாம். எனக்கே ஆச்சரியம். போனேன். அக்காவின் முகம் வாடியிருந்தது.

"தொண்ணூத்தொண்ணுலயே நிக்குது தம்பி. என்னுதும் தொண்ணூத்தொண்ணு சதவீதம்னு காட்டுது, அவளுதும் அப்படியே. மலேசியாவும் அப்படியே. நேத்து கரண்ட் போய் வந்ததுலேர்ந்து இப்படித்தான். உங்க ஒயர்ல எதுனா கோளாறா பாரு."

ஒயரில் ஒன்றுமில்லை. ஆனால் முழுப் புத்தகம் வைத்திருந்தவர் கணக்கே எப்படிக் குறையும்? லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். மூன்று ஃபைலில் இரண்டு சரி. பயிற்சிப் புத்தகம்தான் செல்லாது என்று கிடந்தது.

"அக்கா, இந்த ஃபைலை எதுனா தொட்டீங்களா?"

"தொடலயே." கொஞ்சம் யோசித்தார். "கடைசியில கொஞ்சம் சேத்தேன். அவ்ளோதான்."

"சேத்தீங்களா? இன்னா சேத்தீங்க?"

"கேள்விக்கெல்லாம் பதில். புத்தகத்துல கேள்வி மட்டும்தான் இருக்கு. நான் ஒவ்வொண்ணுக்கும் பதில் கண்டுபுடிச்சு வெச்சிருந்தேன். கூடவே நம்ம ஷூ சைஸ் கணக்கும் போட்டேன். வந்ததையே வந்தபடி எவ்ளோ நாள்தான் குடுக்கிறது? அவங்க ஷீர்குர்மாவை அவங்களுக்கே திருப்பி ஊத்துற மாதிரி இருக்காதா? சேக்கலாம்னு மொதப் பக்கத்துலயே எழுதியிருக்கே!"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்திருக்கிறார். சேர்க்கலாம் என்றால், தனியாக வேறு பெயரில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். டோரன்ட்டுக்குள் இருக்கும் ஃபைலைத் தொட்டால் போச்சு. வாங்குகிறவர் கம்ப்யூட்டர் ஒவ்வொரு துண்டையும் ஒரிஜினல் அடையாளத்தோடு ஒப்பிடும். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் தள்ளிவிடும். கரண்ட் போய் வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்து, அக்காவின் லேப்டாப்பே அதைத் தள்ளியிருக்கிறது.

இதை எப்படிப் புரிய வைப்பது என்று நான் திணறிக்கொண்டிருக்கும்போதே அவர் முகத்தில் புரிந்துவிட்டது.

"ஜோடி சேரல. அதானே?"

"அதேதான்கா."

"நான் அனுப்புறதை அவ ரிஜெக்ட் பண்றா." மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தினி வருஷம் நான் அடுத்தவங்க பீஸை ரிஜெக்ட் பண்ணியிருக்கேன். இன்னிக்கு என் பீஸையே தள்ளிட்டாங்க."

சேர்த்த பக்கங்களை நீக்கிப் பார்த்தோம். பலனில்லை. திறந்து சேமித்ததிலேயே ஃபைல் உள்ளுக்குள் மாறியிருந்தது. மாற்றாத பழைய காப்பி லேப்டாப்பில் எங்கேயும் இல்லை. பெங்களூரில் நந்தினியிடம் கேட்டால், அவள் எப்போதோ அழித்துவிட்டாள். நான் பாட்டுக்கு, போகட்டும் விடுங்கள், பாடப் புத்தகம் போகிறதே, பயிற்சி இல்லாவிட்டால் என்ன என்று சொல்லிவிட்டேன்.

"பயிற்சி இல்லாம எப்படிக் கத்துப்பா? எனக்கு நாற்காலி குடுத்ததே அந்தக் கேள்விங்கதான். படிச்சு யாருக்கும் வந்ததில்ல, போட்டுப் பாத்துத்தான் வரும்." குரல் உடைந்துவிட்டது. "ஒரே ஒரு வீட்ல இருந்துச்சு தம்பி. அதையும் நானே கெடுத்துட்டேன். இனிமே யாருக்குமே கெடைக்காது. அவ தெனமும் காலையில வந்து பாத்துட்டு போறா. அவகிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

இவ்வளவு நேரம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு போய்விட்டது. எங்கோ இருக்கிற, முகம் தெரியாத ஒருத்திக்காக ஆம்பூரில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் ஏணியை வைத்து ஏறிச் சரிசெய்கிற கோளாறு இல்லை இது.

"யோசிச்சுப் பாருங்கக்கா. யாருக்காவது பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தீங்களா?"

 பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குர்ஷித் ஆப்பா பொண்ணு இரமுக்குக் குடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி. நானும் கத்துக்கறேன் ஆன்ட்டின்னு கேட்டா. இப்ப வேலூர்ல இருக்கா, லாங் பஜார்ல மாமனார் வீடு. பென் டிரைவ் திரும்பி வரல."

"அப்ப ஃபோன் போட்டுக் கேளுங்க!"

"கேக்கிறதா?" திருடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். "குடுத்ததை எப்படித் தம்பி திருப்பிக் கேக்கிறது? கல்யாணமாகிப் போன பொண்ணுகிட்ட? ஆப்பா இன்னா நெனைப்பாங்க?"

"அக்கா, அது பென் டிரைவ். பாயசக் கிண்ணம் இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் உலகத்துக்கே புத்தகம் கிடைக்காது என்று அழுகை, இன்னொரு பக்கம் பத்தடி தூரத்தில் இருக்கும் குர்ஷித் ஆப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாது. நான் போய்க் கேட்கிறேன் என்று எழுந்தேன். என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பேஜார் பிடித்த மரியாதை!

ஆனால் பழக்கம் என்று இருந்தால் அதற்குள்ளேயே ஒரு சந்தும் இருக்கும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எனக்கு ஃபோன் வந்தது. போனால் வீடெல்லாம் நெய் மணம். ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறைய ரவா லட்டு.

"வேலூருக்கு லைன் சாமான் வாங்கப் போறேன்னியே. இதை இரம்கிட்ட குடுத்துடு. பாத்திரம் ஒண்ணு புதுசா போனா, பழசு தானா ஞாபகம் வரும். ஆனா நீ வாயைத் தொறந்து கேக்கக் கூடாது."

"கேக்கவே கூடாதா?"

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன். என் தலையெழுத்து.

லாங் பஜாரில் வண்டியை நிறுத்த இடம் தேடுவதற்குள் லட்டு உடைந்துவிடும் போலிருந்தது. கைவண்டிக்காரர் முன்னால் போக மாட்டார், பின்னால் இருப்பவன் ஹாரனை விட மாட்டான். நடுவில் டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நான். இரமின் மாமனாருக்குக் கீழே மளிகை மொத்தக் கடை, மேலே வீடு. கடையில் இருந்தவர் ஏணி உரசி உரசி என் கையில் விழுந்த தழும்புகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டாலும், ஆம்பூர் என்றதும் மேலே அனுப்பினார்.

இரம் டப்பாவை வாங்கிக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள். அம்மா எப்படி இருக்கிறார், ஆன்ட்டி எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நல்லா இருக்காங்க என்றேன்.  நான் சுவரைப் பார்த்தேன். காலண்டரைப் பார்த்தேன். மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரை வெறித்துப் பார்த்தேன். சத்தியம் பண்ணிவிட்டேனே, கேட்க முடியாது. வெயில் பற்றிப் பேசினேன். வேலூர் வெயிலைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேச முடியும்?

"அண்ணே, ஆன்ட்டி பென் டிரைவ் கேட்டாங்களா?" என்று அவளே கேட்டாள்.

"கேக்கலம்மா. சத்தியமா கேக்கல."

"கேக்க மாட்டாங்க, தெரியும்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத்தான் ஒரே கூச்சமா இருக்கு. ஆம்பூருக்கு வர்றப்பல்லாம் பையில எடுத்துட்டு வந்துட்டு, குடுக்காமலே திரும்பிடுவேன். சும்மா எப்படித் திருப்பிக் குடுக்கிறது? நானும் எதுனா ஒண்ணு செஞ்சு அதுல போட்டுக் குடுக்கலாம்னு இருந்தேன். கல்யாணம், வீட்டு வேலை, முடியவே இல்ல. இப்பதான் ஒண்ணு முடிச்சேன். மாமாவோட கடைக்கு. எந்தச் சாமான் கம்மியா இருக்குன்னு சொல்லும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா கேட்கக் கூச்சப்படுகிறார், இவள் வெறுமையாகக் கொடுக்கக் கூச்சப்படுகிறாள். இரண்டு மரியாதைக்கு நடுவில் புத்தகம் சிக்கிக்கொண்டு கிடக்கிறது. ஆனால் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் அடுத்த கணமே ஒரு சந்தேகம் வந்தது. இவளும் அந்தத் தெருவில் வளர்ந்த பெண்தானே?

"அம்மா, அந்தப் புத்தகத்துக்குள்ளயே எதுனா சேத்துட்டியா? பயிற்சிப் புத்தகத்துல?"

"ஐயோ, அதை எப்படி அண்ணே தொடுவேன்?" என்றாள் இரம். "அது அவங்க குடுத்தது. பிரியாணி வந்த பாத்திரத்தைக் காலி பண்ணாம அதுமேலயே நம்ம கொழம்பை ஊத்துவோமா? என்னுது தனியா பக்கத்துல வெச்சிருக்கேன்."

அந்தப் பெண்ணின் காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது. என்னைவிடச் சின்னவள் என்பதால் அடக்கிக்கொண்டேன். பென் டிரைவை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தாள். லட்டு டப்பாவைக் கழுவி, அதில் வேலூர் முள்ளுக் கத்திரிக்காயை நிரப்பிக் கொடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டம் எனக்கும் தெரியும்.

ஆம்பூர் திரும்பி, அக்கா முதலில் தான் சேர்த்த பக்கங்களைத் தனியாக எடுத்து வைத்தார். பிறகு இரமின் காப்பியை அதன் இடத்தில் போட்டு, மறுபடி சரிபார்க்கச் சொன்னோம். எண் ஓடத் தொடங்கியது. வழக்கமாக அந்த டேபிள் ஃபேனை ஒரு அங்குலம்கூட நகர்த்தாதவர், பதற்றத்தில் அதை என் பக்கம் திருப்பிவிட்டு, அதைத் தானே கவனிக்காமல் நின்றார். ஐம்பது, எழுபது, தொண்ணூற்றொன்று. அங்கே அது ஒரு மூச்சு நின்றதுபோல எனக்குத் தோன்றியது. நின்றதோ இல்லையோ, நூறு வந்தது.

"ஜோடி சேந்துடுச்சு" என்றார் அக்கா. அழுதுகொண்டே சிரித்தார். நானும் கண்ணில் தூசி என்று எதையோ சொன்னேன்.

மலேசியா அன்றைக்கே முழுசாக எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது. நம் நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார், அவரும் ஓடிவிட்டார். நான் சொல்லவில்லையா, வாங்கத்தான் தெரியும் என்று? இலங்கைக்காரி மட்டும் காலையில் வந்து, வழக்கம்போலக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து முடித்தாள். அவளும் இனி வர மாட்டாள் என்று அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம். அவர் பதில்கள் எழுதிய பக்கங்களும் இரமின் கடைப் புரோகிராமும் இப்போது வேறு பெயரில் தனி டோரன்ட்டாக இருந்தன. யாரும் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, பாத்திரம் நிறைந்திருக்கிறது என்றார்.

நான் வேலையில் மூழ்கிவிட்டேன். மழை பிடித்தால் எங்கள் தொழிலில் மற்றதெல்லாம் மறந்துபோகும். பிறகு ஒருநாள் சாயங்காலம் ஆபீஸ் ஸ்கிரீனில் தற்செயலாகப் பார்க்கிறேன், அக்கா வீட்டு வரைபடத்தில் அப்லோடே இல்லை. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. அத்தனை நாளில் அப்படி நான் பார்த்ததே கிடையாது. கரண்ட் இருக்கிறது, லைன் இருக்கிறது. பதறிப்போய் ஃபோன் போட்டேன்.

எடுத்தார். பின்னால் ஒரே கூச்சல், பாத்திரச் சத்தம், யாரோ வாழைமரம் எங்கே என்று கத்துவது கேட்டது.

"அக்கா, லேப்டாப் படுத்துடுச்சா? எங்க இருக்கீங்க?"

"ஆலங்காயத்துல தம்பி. நாளைக்குத்தான் கிரகப்பிரவேசம். ரெண்டு நாள் தங்கிட்டு வர்றேன். பாரதிக்கு வாயெல்லாம் பல்லு."

"அப்ப புத்தகம்?"

"நான்தான் அணைச்சிட்டு வந்தேன்" என்றார் அம்சவேணி அக்கா. "அந்த இலங்கைப் பொண்ணு மூடல தம்பி. முழுசா எடுத்தப்புறமும் தொறந்தே வெச்சிருக்கா. முன்னெல்லாம் காலையில கொஞ்ச நேரம் வந்துட்டு போறவ, இப்ப நாள் பூரா இருக்கா. நேத்து நம்ம நாட்டுக்காரங்க ஒருத்தர் வந்து கேட்டாங்க. நான் குடுக்கிறதுக்குள்ள அவ குடுத்துட்டா."